பஞ்சலிங்கத்தாரும் ஓட்டைக் காசும்

புத்தூர் பஞ்சலிங்கத்தாரின் வீட்டு முன்சுவரைப் பார்த்தாலே ஆளை விளங்கிவிடும். பச்சையில் ஒரு திட்டு, மஞ்சளில் ஒரு திட்டு, நீலத்தில் ஒரு திட்டு. எந்த நிறம் அடிக்கலாம் என்று பூசிப் பார்த்தது. பார்த்தவர் பார்த்தபடியே இருக்கிறார். பெயின்ற் வெளிறி, உரிந்து விழத் தொடங்கியும் மனுசன் இன்னும் யோசிக்கிறார்.

கூடாத ஆள் என்று ஒருத்தரும் சொல்லமாட்டினம். குடிவெறி கிடையாது, ஆரோடும் சண்டைக்குப் போறதும் கிடையாது. ஒரு முடிவெடுக்கச் சொன்னால்தான் அவருக்கு வேர்த்துக் கொட்டும். பஸ் கொண்டக்டராக இருந்த காலத்தில் இந்தக் குறை வெளியில் தெரியவில்லை. எங்கே இறங்குவது என்று சனம் சொல்லும், எங்கே நிற்பாட்டுவது என்று டிரைவர் பார்த்துக்கொள்வார், அவருக்கு ரிக்கற் கிழிப்பது மட்டும்தான் வேலை. பென்சனுக்கு வந்த பிறகுதான் வில்லங்கம் பிடித்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் திரும்பிப் போகும்போது பொக்கற்றில் கிடக்கிற சில்லறையை மேசையில் கொட்டிவிட்டுப் போவார்கள். நோட்டென்றால் மாற்றலாம், அந்தச் சில்லறையை ஆர் வாங்குவான்? அப்படியே சேர்ந்து பால்மா வந்த ஒரு தகர ரின் நிரம்பிவிட்டது. நோர்வேயில் இருக்கிற மகன் பிரவீணன் இதைக் கேள்விப்பட்டு, காசு செருகி வைக்கிற அல்பம் ஒன்று வாங்கி அனுப்பினான். அனுப்பினவன் சும்மா இருந்தானா?

"அப்பா, கண்டது நிண்டது எல்லாத்தையும் அடையாதேங்கோ. எந்த வகைக் காசு சேர்க்கிறது எண்டு முதல் ஒரு முடிவெடுங்கோ" என்று சொல்லிவிட்டான்.

முடிவெடுக்கட்டாம்! ஆரிட்டைப் போய் என்ன கேட்கிறான் பாருங்கள்!

முதலில் ராசா ராணி தலை போட்ட காசுகளைப் பொறுக்கினார். கனடாக் காசைத் திருப்பினாலும் அதே மகாராணி, அவுஸ்திரேலியாக் காசைத் திருப்பினாலும் அதே மகாராணி, லண்டன் காசிலும் அவவேதான். ஒன்றில் குமர்ப்பிள்ளை, மற்றதில் வயது போனவ. எது வடிவு என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பாலேஸ்வரிக்குக் கோபம் பத்தியெழும்பியது.

"அந்த மனிசியின்ரை முகத்தை இப்பிடிப் பாக்கிறியள், என்ரை முகத்தை ஒருக்கா நிமிந்து பாத்தால் என்ன குறைஞ்சோ போவியள்?"

மகாராணியை அன்றைக்கே ரின்னுக்குள் போட்டு மூடினார்.

பிறகு பாலேஸ்வரியின் தமையன் செல்வநாயகம் வந்தார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவர். "மிருகம் போட்ட காசு எடு மச்சான், அறிவுக்கும் நல்லது" என்றார். பஞ்சலிங்கத்தார் ஒரு கனடாக் காசை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"இதென்ன மச்சான், எலியோ?"

"எலியில்லை. அது பீவர் எண்டொரு மிருகம்."

"எலி மாதிரித்தானே கிடக்கு."

எலியை அல்பத்தில் வைக்க மனம் வரவில்லை. அடுத்த நாள், எலி பிள்ளையாரின் வாகனம்தானே, வைத்தால் என்ன என்று யோசித்தார். அதற்கடுத்த நாள் அதையும் கைவிட்டார்.

இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த இந்தியக் காசு வந்து சேர்ந்தது. பக்கத்து வளவுச் சிவரூபன் வாடகைக்கு வான் ஓடுகிறவன். காங்கேசன்துறையில் இந்தியாக் கப்பலால் இறங்கிய ஒரு புடவை வியாபாரியிடம், "எங்கடை அண்ணை ஒராள் காசு சேர்க்கிறார்" என்று கேட்டு வாங்கி வந்து கொடுத்தான். வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காசு. நடுவில் ஓட்டை. காசைவிட ஓட்டைதான் பெரிது. பஞ்சலிங்கத்தார் அதைச் சின்னவிரல் நுனியில் கொழுவிக்கொண்டு வளவு முழுக்கத் திரிந்தார். காணுகிறவர்களுக்கெல்லாம் அந்த ஓட்டையால் பார்த்துக் காட்டினார். சின்னப் பிள்ளை கெட்டது!

ஆனாலும் முடிவு வரவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கக் காசு பரவிக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் செல்வநாயகத்துக்குச் சொதி விட்டபோது, சொதியோடு ஒரு சுவிஸ் காசும் சேர்ந்து அவர் சோற்றில் விழுந்தது. பாலேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டு நேரே சாமி அறைக்குள் போனா. பஞ்சலிங்கத்தார் அதைக் கவனித்திருந்தால் நல்லது. அவர் காசைக் கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வெறுங்கையை ரின்னுக்குள் விட்டார். மற்றக் காசுகள் எந்த நாடென்று தெரியவில்லை. நடுவில் ஓட்டையுள்ள காசுகளை மட்டும் விரல் உடனே பிடித்தது. நோர்வேக் காசு, டென்மார்க் காசு என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். சன நெரிசலில் சில்லறை தடவிப் பழகின கையல்லவா! மனுசனுக்குப் புல்லரித்துப் போயிற்று.

"இஞ்சரும்! நான் முடிவெடுத்திட்டன்!"

குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த பாலேஸ்வரியின் கையிலிருந்து பாதித் தேங்காய் நழுவி உருண்டது.

"என்ன முடிவு?"

"ஓட்டைக் காசு. இனி ஓட்டைக் காசு மட்டும்தான்."

"பிள்ளையாரப்பா, கண் திறந்திட்டாய்!" என்று அவ சாமி அறைக்கு ஓடினா.

பஞ்சலிங்கத்தார் அல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்து, முதல் ஆளாக அந்த இந்தியக் காசை வைக்கத் தேடினார். காணவில்லை. ரின்னைக் கவிழ்த்துக் கொட்டியும் காணவில்லை. பாலேஸ்வரி திரும்பி வந்தபோது அவவின் கையில் ஒரு மஞ்சள் நூல். நூலில் அந்தக் காசு தொங்கியது.

"நீரோ எடுத்தனீர்?"

"ஓம். நீங்கள் ஒரு முடிவுக்கு வரவேணும் எண்டு நேர்த்தி வைச்சனான். முடிஞ்சுவைக்க மஞ்சள் துணி தேடினன், கிடைக்கேல்லை. இது ஓட்டையோடை கிடந்துது, நூல் கோக்க நல்ல வசதி. இப்ப பலிச்சிட்டுது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் உண்டியலிலை போடுவம்."

பஞ்சலிங்கத்தாரின் முகம் கறுத்துப் போய்விட்டது. "வேறை காசு ஒண்டைப் போட்டால் என்ன?"

"நேந்த காசை மாத்துறதோ? பிள்ளையார் என்ன உங்கடை பஸ்ஸிலையோ வாறார், மிச்சம் குடுத்துச் சமாளிக்க?"

மனுசன் தலையைச் சொறிந்தார். பிறகு மெல்ல, "அப்பிடியெண்டால் நான் முடிவெடுக்கேல்லை. இன்னும் யோசிக்கிறன்" என்றார்.

பாலேஸ்வரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, காசைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்து ஆணியில் திரும்பக் கொழுவினா.

அந்தக் கிழமை முழுக்க அவர் பட்ட பாடு! ஓட்டைக் காசு ஒன்றை அல்பத்தில் வைத்தாலும் முடிவெடுத்ததாகிவிடும். வைக்காவிட்டால் அல்பம் வெறுமையாகக் கிடக்கும். காலையும் மாலையும் சாமி அறையில் போய் நின்றார். கும்பிட்டதென்னவோ பிள்ளையாரை, பார்த்தது காசை.

வியாழக்கிழமை பிரவீணன் போன் எடுத்தான்.

"அப்பா, ஓட்டைக் காசு எண்டு அம்மா சொன்னா. ஜப்பான் காசுக்கும் ஆள் பிடிச்சு, வேலை முடிய முடிய அலைஞ்சு தேடிச் சேர்த்திட்டன். சிநேகிதன் பார்த்தீபன் நாளைக்கு ஊருக்கு வெளிக்கிடுறான். குடுத்துவிடவோ, வேண்டாமோ?"

பாலேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றா. பஞ்சலிங்கத்தாருக்கு வேர்த்தது. 'யோசிச்சுச் சொல்லுறன்' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பெடியன் குளிருக்குள் தனக்காக அலைந்திருக்கிறான் என்று நினைக்க நெஞ்சு ஒருமாதிரிப் போய்விட்டது.

"குடுத்துவிடு ராசா. ஓட்டைக் காசுதான்."

அடுத்த நாள் பிள்ளையார் கோயில் உண்டியலுக்கு முன்னால் நூலைக் கழற்றிவிட்டுக் காசை விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். கை போகும், திரும்பி வரும். பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

பாலேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. கிட்ட வந்து காதுக்குள் சொன்னா: "இஞ்சாருங்கோ, அவ்வளவு விருப்பமெண்டால் வைச்சிருங்கோ. இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளையாரை நான் மோதகம் அவிச்சுச் சமாளிக்கிறன்."

அவர் திரும்பி அவவின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"இல்லை. முடிவு முடிவுதான்."

காசு உள்ளே விழுந்து கிணுங்கியது. பாலேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

வீட்டுக்குப் போகும் வழியில் சந்தையடியில் நின்று, பழக்கதோசத்தில் கேட்டா: "கத்தரிக்காயோ, முருங்கைக்காயோ?" கேட்டுவிட்டு, பதில் வராதென்று தெரிந்து கத்தரிக்காயில் கை வைத்தா.

"முருங்கைக்காய்" என்றார் பஞ்சலிங்கத்தார்.

கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அவ அவரை ஏற இறங்கப் பார்த்தா.

"ஐயோ, இது தெரிஞ்சிருந்தால் கலியாணம் கட்டின வருசமே நேந்திருப்பனே!"