நடை சாத்தியிருந்த செவ்வாய்க்கிழமை

எனக்குச் சாவென்றால் பயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல முறை யோசித்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் என் பக்கத்தில் உட்காரும் அக்காமாருக்குக்கூட இது தெரியாது. என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அம்மன் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனம் வரவில்லை.

கோச்சடையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் சமயநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் பி.காம் படித்துவிட்டுத் தல்லாகுளத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்தேன். மகள் கயல்விழி பிறந்து, மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில்தான் அது வந்தது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு இறுகியது. கை மரத்தது. இதோ, இப்போதே சாகப்போகிறேன் என்று தோன்றியது. கயல் தாயில்லாப் பிள்ளையாகிவிடுவாள் என்று தோன்றியது.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார். "இதயம் நல்லா இருக்கும்மா, பயம்தான்" என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேருமே கவனிக்காமல் விட்டிருப்பார்களோ என்று நினைத்தேன்.

வேலையை விட்டேன். பஸ் ஏறுவதை விட்டேன். வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட மாட்டேன். உள்ளே விழுந்து செத்துப்போனால் யார் கதவைத் திறப்பது? கதவைச் சும்மா சாத்திக்கொள்வேன். வெளிக்கதவையும் பகலில் தாழ் போடுவதில்லை.

மற்றவர்களுக்கு இந்தப் பயம் இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆசை. என் கணவரிடம் கேட்டேன். "அம்புட்டு யோசிக்க எனக்கு எங்க நேரம், சுதா? ஷிப்டு முடிஞ்சு வந்தா தூக்கம்தான் வருது" என்றார். போனில் அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கேக்குற கேள்வியப் பாரு. வாயக் கழுவு" என்று போனை வைத்துவிட்டார். பின்வீட்டில் மனைவி செல்வி அக்காவோடு இருந்த பாண்டி அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். ஒருநாள் அவர் கயலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டுவிட்டேன். சிரித்தார். "சாவுக்குப் பயந்தா பைபாஸ்ல வண்டி ஓட்ட முடியுமா, தங்கச்சி?"

யாருக்கும் பயமில்லை. எனக்கு மட்டும்தான் இந்த நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம், அதே பாண்டி அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுதான் இருக்கும்.

அவருடைய தம்பி திருப்பூரிலிருந்து வர வேண்டும் என்று மறுநாள் வரை வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நம் தெருக் கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டிய நாள். தெருவில் சாவு விழுந்துவிட்டதால் நடையைச் சாத்திவிட்டார்கள். நானும் வீட்டில் விளக்கேற்றவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர், "செல்வி அக்காவ ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரு சுதா. பின்வீடு. நல்லா இருக்காது" என்றார். "போறேன்" என்றேன்.

போகவில்லை. புடவை மாற்றினேன், படி வரை போனேன், திரும்பி வந்தேன். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறதே, கேத வீட்டுக்கு எப்படித் தூக்கிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி நைட்டிக்கு மாறினேன்.

பத்தரை மணிக்கு மேல் கொட்டுச் சத்தம் ஓங்கியது. எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. எல்லா ஜன்னலையும் சாத்தினேன். வெளிக்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டேன். அந்தச் சத்தம் வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும். அடுப்பில் கயலுக்குப் பாலைச் சிறு தீயில் வைத்திருந்தேன். அவள் ஹாலில் கிண்ணம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் வேட்டு வெடித்தது. என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம்தான், பிறகு போய்ப் பாலை இறக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கயலுக்கு அதைத் தள்ளத் தெரியும். இழுக்கத் தெரியாது.

"டக்" என்று கேட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "கயலு, திறடி. சேட்டை பண்ணாத." அவள் சிரித்தாள். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பழைய காலத்துத் தேக்குக் கதவு. தோளால் இடித்தேன். அசையவில்லை. போன் ஹாலில் இருந்தது. சத்தம் போட்டேன். வெளியே கொட்டும் வேட்டும். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பிறகு பால் தீய்கிற வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், கேஸ் வாடை வந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தே இருக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. சாத்தியது நான்.

கதவுக்குக் கீழே இரண்டு விரல் அளவு இடைவெளி இருக்கும். தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கயலின் பாதம் தெரிந்தது. அவள் பாதத்துக்குப் பக்கத்தில் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரின் முனை தெரிந்தது. அதை அழுத்தி அழுத்தி விளையாடுவது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

என்ன செய்ய? அதட்டினால் ஓடிவிடுவாள். ஓடினால் சமையலறைக்குத்தான் ஓடுவாள். திருகை மூடச் சொன்னால் இன்னும் அதிகமாகத் திறந்துவிடுவாளோ? பேசாமல் இருந்தால் லைட்டரை அழுத்துவாளோ? ஒவ்வொன்றும் தப்பாகத் தோன்றியது. சாமியைக் கூப்பிட வாயெடுத்தேன். அதிலும் சந்தேகம் வந்தது. தெருவில் பிணம் இருக்கிறது. நடை சாத்தியிருக்கிறது. நான் நிற்பதோ குளியலறையில். இந்த நேரத்தில், இந்த இடத்தில், அவள் பெயரைச் சொல்லலாமா?

சொல்லிவிட்டேன். "தாயே, நடை சாத்தியிருக்குன்னு தெரியும். எனக்கு வேற போக்கிடம் இல்ல. என்னைய எடுத்துக்க. பிள்ளைய விட்டுரு." சொன்ன உடனே பதறிப்போய்த் திருத்தினேன். "இல்ல தாயே, என்னையும் விட்டுரு. அவளுக்கு அம்மா வேணும்." வேண்டுதலில்கூட என்னால் ஒரே முடிவாக நிற்க முடியவில்லை. ஆனால் இத்தனை மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அழுகையோடு குரலும் தணிந்தது.

தணிந்த குரலில் கேட்டேன். "கயலு, கையில என்னடா தங்கம்?"

"டக்கு."

"அம்மாவுக்குத் தருவியா? இந்தா, இந்த ஓட்டை வழியா விடு பாப்போம். அம்மா பிடிக்கிறேன்."

இன்னொரு வேட்டு வெடித்தது. அவள் பயந்து கதவோடு ஒட்டிக்கொண்டாள். லைட்டரின் முனை இடைவெளிக்குள் வந்தது. நின்றது. நான் இழுக்கவில்லை. இழுத்தால் அவள் பிடுங்குவாள். "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்றேன். முழுவதும் வந்தது. வாளித் தண்ணீருக்குள் போட்டு அழுத்தினேன்.

கேஸ் வாடை குறையவில்லை. கயல் இருமினாள். கொட்டுச் சத்தம் மெல்ல மெல்லத் தெருமுனைப் பக்கம் நகர்ந்தது. ஆம்பளைகள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிருப்பார்கள். தெருவில் யார் இருப்பார்கள்? பெண்கள் முக்கு வரை போய்த் திரும்பி வருவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்ததும் தலைமுழுகுவார்கள். எங்கள் குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பாண்டி அண்ணன் வீட்டுப் பின்வாசல் தொட்டி.

இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, ஜன்னலின் கண்ணாடித் தகடுகளை உருவினேன். கீழே பெண்கள் குரல் கேட்டது. கத்தினேன். ஒப்பாரியும் தண்ணீர்ச் சத்தமுமாக இருந்ததால் யாரும் நிமிரவில்லை. கையில் கிடைத்த, தண்ணீர் மொள்ளும் மக்கைத் தூக்கி எறிந்தேன். சோப்புப் பெட்டியை எறிந்தேன்.

"யார்றி அது, எழவு வீட்டுல மக்க விட்டு எறியுறவ?" பாண்டி அண்ணனின் தங்கை ராக்குவின் குரல். நிமிர்ந்து பார்த்தாள். "மாடி வீட்டுக்காரியா? சாவுக்கு எட்டிப் பாக்க முடியல, இப்ப மட்டும் எட்டிப் பாக்குறா!"

"ராக்கு, கேஸு! வீடெல்லாம் கேஸு! பாப்பா வெளிய தனியா இருக்கா, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

பிறகு செல்வி அக்காவின் குரல் கேட்டது. கணவனை அனுப்பிவிட்டு அப்போதுதான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர். "ராக்கு, வாடி!"

மாடிப்படியில் திடுதிடுவென்று கால்சத்தம். பிறகு வாசலில் ராக்கு தயங்குவது கேட்டது. "மதினி, தீட்டோட எப்படி உள்ள போறது? ஆடிச் செவ்வாயும் அதுவுமா..."

"பிள்ளைய எடுத்துட்டுக் கழுவி விட்டுக்கலாம். நீ ஜன்னல உடை!"

கண்ணாடி உடைந்தது. வெளிக்கதவின் தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை. "கம்பு ஏதாச்சும் கொண்டாடி" என்று செல்வி அக்கா கத்தினார். ராக்கு ஓடிப்போய்ப் பாடை கட்டி மிஞ்சிக் கிடந்த பச்சை மூங்கிலைக் கொண்டுவந்தாள். அதை ஜன்னல் கம்பி வழியாக விட்டுத் தாழ்ப்பாளைத் தட்டி இறக்கினார்கள். எல்லாம் சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். கயலின் இருமல் நின்றுவிட்டதே என்றுதான் உயிர் போனது. வெளியே தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் கதவு திறந்தபோது செல்வி அக்கா நின்றார். ஈரப் புடவை. விரித்த தலை. இடுப்பில் கயல், அவர் கூந்தலைப் பிடித்துக்கொண்டு.

நான் அவர் மேல் விழுந்து அழுதேன். கயலுக்காகவா, பாண்டி அண்ணனுக்காகவா, எனக்கே தெரியவில்லை. அவரும் அழுதார். ராக்கு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் அழுகுறா. இத நேத்தே வந்து அழுதிருந்தா எங்களுக்குக் கொஞ்சம் தொண்டை மிச்சமாயிருக்கும்." செல்வி அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். நானும்தான்.

அன்று மதியம் டீக்கடையில் தூக்கு நிறையக் காப்பி வாங்கிக்கொண்டு, கயலையும் தூக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. செல்வி அக்காவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடியும் வரை தினமும் போனேன். ஒருநாள் யாரும் இல்லாதபோது, பாண்டி அண்ணனுக்குச் சாவு பயமே கிடையாதே அக்கா, என்னிடமே சொன்னார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பயமில்லையா? யாரு, அவருக்கா? எலுமிச்சம்பழத்தத் தொட்டுக் கும்பிடாம ஒரு நாள் வண்டிய எடுத்ததில்ல. பிள்ளைக பேரைச் சொல்லிக்கிட்டேதான் கிக்கர உதைப்பாரு. பயம் இருந்துச்சுடி. வண்டியும் ஓட்டுனாரு."

அதைக் கேட்டபோது என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இளகியது. எல்லாருக்கும் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. நானும்தான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை.

அம்மன் நேரில் வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நடை சாத்திய நாளில், வாய் குழறிக் கேட்ட வேண்டுதலுக்கு, தீட்டென்று ஊர் ஒதுக்கும் கோலத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். இதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியதில்லை. நடை திறந்த பிறகு கோயிலுக்குப் போய் நின்றேன். நன்றி சொல்ல நினைத்துப் போனேன். கயல்தான் "சாமி, டாட்டா" என்று கையாட்டினாள்.

பயம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. பொய் சொல்ல மாட்டேன். இப்போது மறுபடி தல்லாகுளத்துக்கு வேலைக்குப் போகிறேன். சில நாள் பஸ்ஸில் நெஞ்சு இறுகும். அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்வேன். இறங்க வேண்டிய இடம் வரும், இறங்குவேன். முன்பெல்லாம் "பயத்தை எடுத்துவிடு" என்றுதான் வேண்டுவேன். இப்போது "துணைக்கு ஆள் அனுப்பு" என்று வேண்டுகிறேன். அனுப்புகிறாள்.

அக்காமாரே, தங்கைகளே, உங்களில் யாருக்காவது என் நிலை இருந்தால் வெட்கப்பட வேண்டாம். சுத்தபத்தமாக ஆன பிறகு கேட்போம், நல்ல நாள் பார்த்துக் கேட்போம் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற இடத்தில் இருந்தே அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, பூஜை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் தூணோரமாக உட்கார்ந்திருப்பேன். என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. நீங்கள் பேசி முடிக்கும் வரை எழுந்து போக மாட்டேன்.