ஒரே சுற்றில் பிடிக்கும் வண்டி

அத்தானின் கார் சாவியை நான் இன்னும் கழுவவில்லை. அதன் கறுப்புத் தலையில் பொறித்திருக்கும் எழுத்துகளின் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. ஒரு விஸ்வகர்மா பூஜையன்று காலையில் குளித்து முழுகி வந்து, அவர் தன் மோதிர விரலால் வைத்த பொட்டு அது. குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. சந்தனம் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தூத்துக்குடிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அதே பிரிவுக்கு அதிகாரியாகி ஓய்வு பெற்றவர். நான் வங்கி வேலையாகக் கொல்கத்தா வந்தபோது பெஹாலாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே மாடியில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்கள் கீழே, நான் மேலே. நம் ஊரில் கருவிகளுக்குப் பொட்டு வைப்பது சரஸ்வதி பூஜையின்போது. இங்கே அதற்கு முன்பாகவே, புரட்டாசி பிறக்கும் சமயத்தில் விஸ்வகர்மாவுக்குச் செய்துவிடுகிறார்கள். அத்தான் இரண்டையும் விடமாட்டார். "ரெண்டு ஊரு சோறும் திங்கோம்லா மாப்ள, ரெண்டு பக்கமும் ஒரு கும்பிடு போட்டு வைக்கணும்" என்பார். துறைமுகத்தில் இருந்தவரை வானத்தை முட்டும் கிரேன்களுக்கு மாலை போட்டவருக்கு, ஓய்வுக்குப் பின் பூஜை போட ஒரே ஒரு இயந்திரம்தான் மிஞ்சியது. நண்பர் ஒருவரிடம் வாங்கிய பழைய பெட்ரோல் கார்.

அந்தக் கார் அக்காவுக்காக ஓடியது. அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் பைபாஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. வாடகைக் காரை அத்தான் நம்பமாட்டார். அக்காவைப் பின் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்து, பள்ளம் மேடு பார்த்து, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரனால் திட்டிவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அதில் சிரிப்பு. "உங்க அத்தான் என்னைய ஊர்வலம் கூட்டிட்டுப் போறாரு" என்பாள்.

சாவிக்கு அந்தச் சந்தனத்தை வைத்த வருடம், விஸ்வகர்மா பூஜை அவளுடைய முறை நாளில் வந்தது. எனக்கும் விடுப்பு என்பதால் உடன் போவதாக இருந்தேன். விடிந்ததும் அத்தான் காரின் மூடியைத் திறந்துவைத்து, பைப்பைப் பிடித்து இன்ஜின் மேலேயே தண்ணீர் அடித்துக் கழுவினார். பிறகு துணியால் ஒற்றி எடுத்தார். பொட்டு, பூ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஒன்றையும் விடவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்துச் சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது. நன்றாக, பலமாகச் சுற்றியது. பிடிக்கத்தான் இல்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை புரியும். செத்துக் கிடக்கும் வண்டி என்றால் மனசு விட்டுப்போய் வேறு வழி பார்க்கும். இது ஒவ்வொரு முறையும் இதோ, இதோ என்று ஆசை காட்டுகிறது. அத்தான் இறங்கி, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றார். எனக்கு இன்ஜினைப் பற்றித் தெரிந்தது அது முன்பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான். "சுத்து" என்றால் சுற்றுவேன், "நிப்பாட்டு" என்றால் நிறுத்துவேன். பின்னாலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னாள்: "காலைல பைப்ப வச்சு அடிச்சீயளே, தண்ணி கிண்ணி உள்ள போயிருக்கப் போவுது."

"நான் தொடைச்சிருக்கேன். என் கையால தொடைச்சிருக்கேன்" என்றார் அத்தான், தலையை நிமிர்த்தாமல்.

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. "சந்தேகப்படுததா இருந்தா வரிசையா சந்தேகப்படணும்" என்று அடிக்கடி சொல்வார். வண்டி சுற்றுகிறது என்றால் பேட்டரி நிரபராதி. மிச்சம் பெட்ரோல், காற்று, தீப்பொறி. மூன்றில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நான் அதற்குள் கைப்பேசியில் வண்டி தேடத் தொடங்கியிருந்தேன். கொல்கத்தாவில் அன்றைக்கு வண்டி கிடைக்குமா? ஓட்டுநர்கள் எல்லாரும் தங்கள் வண்டிக்கு மாலை போட்டு, கிச்சுடி சாப்பிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, நான் அக்காவிடம் சொல்வதற்குள் ரத்து செய்துவிட்டார். முக்கில் டாக்சி நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. ஆட்டோக்காரர்களின் பந்தலில் ஒலிபெருக்கி அலறியது.

தெருமுனைப் பட்டறையிலிருந்து மிஸ்திரியை அழைத்து வந்தேன். நெற்றி நிறையத் திலகத்தோடு வந்தவர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தாதா, ஆஜ் ஹாத் தேபோ நா" என்றார். இன்றைக்குக் கை வைக்கமாட்டாராம். ஸ்பானர் எல்லாம் சாமியின் காலடியில் இருந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. தன் கிரேன்களை அத்தானும் அந்த நாளில் யாரையும் தொட விட்டதில்லை. கை வைக்காவிட்டாலும் கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்: பெட்ரோல் பம்ப் போய்விட்டது, வேறொன்றுமில்லை.

பம்ப் இருப்பது பின் இருக்கைக்கு அடியில். அதற்காக அக்காவைக் கீழே இறக்கினோம். வீங்கிய கால்களோடு அவள் தெருவில் நின்றதைப் பார்த்து எதிர்வீட்டு பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். தலைக்கு மேலே மொட்டை மாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாருடைய நூலோ அறுபடும்போதெல்லாம் "போகாட்டா!" என்று தெருவே கூச்சல் போட்டது. அக்கா அந்த வெயிலில் உட்கார்ந்து பட்டங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாகமாக இருந்திருக்கும். அளந்து குடிக்க வேண்டியவள், கேட்கவில்லை.

பம்ப் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து பெட்ரோல் போட்ட இடத்தின் மேல் சந்தேகம். பங்க்காரன் தண்ணீர் கலந்திருப்பான் என்று கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு எலி மேல் சந்தேகம். ஒயரை ஒவ்வொன்றாகத் தடவினார். போன மாதம் சர்வீஸ் செய்தவன் மேலும் போனது. வரிசை நீண்டுகொண்டே போனது, அதில் அவர் பெயர் மட்டும் இல்லை. நான் அதை உணர்ந்தேன், ஆனால் சொல்வதற்கு எனக்கு ஏது தகுதி? சாவியைப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியே திறந்த மூடியையும் அவர் முழங்கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தீப்பொறிக்கு வந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் ஒட்டினாற்போல் பிடித்து, "சுத்து" என்றார். வெளிச்சத்தில் தெரியவில்லை என்று பௌதியிடம் குடை வாங்கி நிழல் கட்டினார். பொறி இல்லை. பொறியைப் பங்கிட்டு அனுப்பும் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினார். அதைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். உட்பக்கம் முழுக்கப் பனி கோத்தாற்போல் நீர்த்துளிகள்.

மூடியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அக்காவிடம் வந்தார். உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அக்கா அதை வாங்கி மடியில் வைத்து, ஊசி குத்தாத கையால் முந்தானையைச் சுருட்டி, உள்ளே மூலை மூலையாகத் துடைத்தாள். குழந்தைக்குக் காது துடைப்பது போலத்தான் துடைத்தாள். "போதுமா பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். பிளக்கையும் மூடியையும் மாட்டினார். நான் சாவியைத் திருகியதும் வண்டி பிடித்தது.

போய்ச் சேர்ந்தபோது அவளுடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். நாளைக் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். யாரிடமும் கெஞ்சி அறியாத அத்தான், கிரீஸ் அப்பிய கைகளைக் கூப்பிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். மேசைகளில் இருந்த பெண்கள் பாவம், இல்லாத படுக்கையை எங்கிருந்து தருவார்கள்? அன்றிரவு அக்காவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சரியாகிவிட்டது.

அக்கா போனது அடுத்த கோடையில். இதயம் நின்றுவிட்டது, அந்த ஒரு நாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வரும் வழியில் என்னிடம், "அவ முதல்லயே சொன்னாள்லா மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு தினமும், அவர்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிய அதே வேளையில், கீழே வண்டி எழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஒருநாள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஒரே சுத்துல பிடிக்குது, பாத்தியா" என்றார். யார் மேலோ புகார் சொல்வது போல இருந்தது. அவர் இருந்தவரை அதன்பின் அந்த வண்டிக்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை.

அவரும் போன பிறகு வண்டி என் பொறுப்பில் நின்றது. போன வாரம் நியூ டவுனிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்றார். திருகினேன். ஒரே சுற்றில் பிடித்தது. அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அந்த வண்டியின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இப்படிப் பிடித்திருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்கத் தோன்றியது. அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். அந்தச் சந்தனத்தையாவது எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இன்ஜினை அணைத்தேன்.