ஒரு படிகத்துக்குப் பட்ட பாடு

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸின் புரோட்டீன் எப்படிப்பட்ட வடிவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அதை எக்ஸ்ரேயில் படம் எடுக்க, முதலில் அது கல்கண்டு போலப் படிகமாக வளர வேண்டும். வளர்வதும் வளராததும் அதன் இஷ்டம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். போதாக்குறைக்கு, பொங்கலுக்குள் படிகம் வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம் என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

சாக்கடையில் கிடைத்த செல்வம்

இந்த வைரஸைப் பிடித்ததே விழுப்புரத்தில் ஒரு சாக்கடையில்தான். நான் பாட்டிலில் தண்ணீர் மொள்வதை, பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா உற்றுப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு பாட்டில் போதுமா? மொத்தத்தையும் எடுத்துக்கினு போயேம்மா, புண்ணியமா போவும்!"

மைசூர்பாகு

மார்கழியில், புரோட்டீனை உப்புக் கரைசலில் கலந்து வைத்த ஒரு சொட்டுக்குள் பளபளவென்று ஒரு படிகம். தலைகால் புரியாமல் லேப் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். பக்கத்து மேஜை மரியா மென்றுகொண்டே மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, படிகத்தை ஊசியால் குத்தினாள். புரோட்டீன் என்றால் மெத்தென்று உதிரும். கரைசலின் வெறும் உப்பு என்றால் நறுக்கென்று உடையும். நறுக்கென்று உடைந்தது. குத்திப் பார்த்த பிறகே இனிப்பு வாங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரியா தேற்றினாள்.

"உப்புன்னா இன்னாடி? மைசூர்பாகு சூப்பரா கீது, இன்னொண்ணு குடு."

மூன்று பேர் சீட்டு

திண்டிவனத்தில் எங்கள் லேப் ஏசி மக்கர் செய்தது. மிச்சமிருந்த சொட்டுகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் குளிர் அறைக்கு பஸ்ஸில் கிளம்பினேன். பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். "வைரஸோட புரோட்டீன்" என்றேன். முதல் சொல்லிலேயே மூன்று பேர் சீட்டில் நான் மட்டும். மனிதர்களை அது ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. என் உயிரே போய்விட்டது. கண்டக்டர் மட்டும் எனக்காக டிரைவரிடம் குரல் கொடுத்தார்.

"அண்ணே, பாத்து போ! மேடம் மடியில வைரஸு தூங்கிக்கினு கீது!"

போகிக்கு முந்தின நாள்

குளிர் அறையில் பெட்டியைத் திறந்தால், ஒரு சொட்டில் குட்டிக்குட்டியாய்ப் படிகங்கள்! லேப் திரும்பி எக்ஸ்ரேயில் வைத்ததும் திரை முழுக்கப் புள்ளிகள்; உப்பு என்றால் நாலைந்துதான் விழும், இது அசல் புரோட்டீனேதான். பஸ் குலுக்கிய குலுக்கலில்தான் வளர்ந்தது என்று மரியா இன்னும் சாதிக்கிறாள். நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. புரொபசர் வந்து பார்த்தார், சிரித்தார்.

"பிரமாதம்மா! பொங்கலுக்கு ஊருக்குப் போக வேணாம், அடுத்த புரோட்டீனை ஆரம்பிச்சிடு."

எங்கள் தொழிலில் தோற்றவருக்கு லீவு, ஜெயித்தவருக்கு வேலை. அந்தத் தண்டனையை நான் பல்லெல்லாம் தெரிய ஏற்றுக்கொண்டேன்.