இரண்டு விசில்

அந்த அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு கட்டில்கள். ஏழாவது கட்டில் விசில்காரருடையது. யாரும் அவருக்குப் பட்டா போட்டுத் தரவில்லைதான். ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு அதில் வேறு யாராவது காலை நீட்டிவிட்டால் பிரிவே இரண்டுபடும். மனிதர் முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போ மைதானத்தில் கால்பந்து நடுவர். இரண்டு வேலைக்கும் வாயில் விசில் தேவைப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மருத்துவமனைச் சீட்டில் மட்டும் இருந்தது.

பஸ் போய்விட்டது, மைதானம் போய்விட்டது, கருத்து மட்டும் போகவில்லை. இரண்டு விஷயங்களில் அவரை யாராலும் அசைக்க முடியாது. ஒன்று, பணக்காரர்கள் கட்டுகிற வரி போதாது. இன்னொன்று, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, டிவியில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, கால் கட்டைவிரல் கோட்டைத் தாண்டியதா என்று ஆராய்ச்சி செய்வது விளையாட்டுக்கே அவமானம். "கண்ணால பார்த்தவன் சொன்னா முடிஞ்சுது. அப்புறம் என்ன பஞ்சாயத்து?" என்பார். சுவரில் மாட்டிய டிவியில் எந்நேரமும் ஏதோ ஒரு விளையாட்டு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

ஆனால் நன்றி மறந்த மனிதர் இல்லை. எடை பார்த்துவிட்டு வந்து படுப்பதற்கு முன், பக்கத்தில் நிற்கும் டயாலிசிஸ் இயந்திரத்தை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுப்பார்.

"இதை யாரு வாங்கிக் கொடுத்தா, சொல்லுங்க சிஸ்டர்?"

"கவர்மென்ட், ஐயா." இரண்டு வருடமாக அந்த நர்ஸ் சொல்லும் அதே பதில்.

"கவர்மென்ட்டுக்கு ஏது காசு? சோப்பு வாங்கினவ, செருப்பு வாங்கினவன், சம்பளத்துல பிடிச்சுக்கிட்ட வாத்தியாரு, இவங்கெல்லாம் கொடுத்தது. வாரம் மூணு நாள் என் ரத்தத்தை இந்த ஊருதான் கழுவி விடுது. என் முகம் தெரியாதவன் எனக்குச் செஞ்சிருக்கான். சும்மாவா?"

இதைச் சொல்லும்போது இயந்திரத்தை இன்னொரு தட்டுத் தட்டுவார். உடனே சண்டைக்குத் தாவுவார். "ஜன்னல் சீட்டுல உக்காந்து காத்து வாங்கிட்டு வர்றவன் டிக்கெட் எடுக்காம இறங்கிடறான். கம்பியில தொங்கிட்டு வர்றவன் அவனுக்கும் சேர்த்து எடுக்கறான். இதான் உங்க வரி!"

அப்படிப்பட்டவர் மனைவி இறந்த பிறகு வாயடைத்துப் போனார். எட்டு மாதம் ஆயிற்று. முன்பெல்லாம் வீட்டுக்குப் போனதும் டயாலிசிஸ் பிரிவில் நடந்த வாக்குவாதங்களை ஒன்றுவிடாமல் அந்த அம்மாவிடம் ஒப்பிப்பார். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே, "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். கேட்க ஆள் இல்லாமல் போனதும், ஜெயித்த வாதமும் புளித்துவிட்டது. மாதத்தின் முதல் நாள் அவர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் வர்றேன்மா. அப்புறம் போதும். ஊசி குத்திக்கிட்டது போதும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மகள் அவர் எதிரில் அழவில்லை. மறுநாள் அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யார் சொன்னாலும் கேக்க மாட்டார் சிஸ்டர். நீங்க ஏதாவது பண்ணுங்க."

சிஸ்டர் பெரிதாக ஒன்றும் பண்ணவில்லை. எட்டாவது கட்டிலுக்கு ஒரு புது நோயாளியைப் போட்டாள், அவ்வளவுதான். பதினெட்டு லாரி வைத்திருக்கும் முதலாளி அவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஊசி குத்தத் தெரியாமல் குத்திக் கையெல்லாம் நீலம் பாரித்துப்போக, "கை பழகின நர்ஸ் வேணும்னா அங்கதான் போகணும்" என்று அவருடைய டாக்டரே இங்கே அனுப்பிவைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பணக்காரரைப் போட்டால் ஏழாவது கட்டிலுக்குப் பேச்சாவது வரும் என்பது சிஸ்டரின் எளிய கணக்கு. மற்ற விவகாரம் அவளுக்குத் தெரியாது.

முதலாளி படுத்துக்கொண்டு தலையைத் திருப்பினார். விசில்காரரும் திருப்பினார். இருவரும் ஒரு நிமிடம் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள்.

"யோவ், நீ அந்தத் திருட்டு நடுவன்தானே?" என்றார் முதலாளி.

"வொர்க்ஷாப் கோல்கீப்பரா நீ?" என்றார் விசில்காரர். "சிலை!"

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்குப் புரிய வேண்டுமென்றால் முப்பத்தொரு வருடம் பின்னால் போக வேண்டும்.

டிப்போ கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் டிரைவர்கள், மறுபக்கம் வொர்க்ஷாப் மெக்கானிக்குகள். கடைசி ஐந்து நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது ஒரு டிரைவரின் கையில் பந்து பட்டது. அவர் வேறு யாருமல்ல, விசில்காரரின் சொந்த வண்டி டிரைவர். விசில்காரர் பார்த்தார், ஊதினார். நடுவர் ஒரு தடவை ஊதினால் போதும். ஆனால் ஆயிரம் பேர் கத்துகிற பரபரப்பில், வருடக்கணக்காக வாயில் ஊறிய பழக்கத்தில், இரண்டு தடவை ஊதிவிட்டார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் எடு, போகலாம்.

மெக்கானிக்குகளுக்கு எந்த விசிலும் விசில்தான், நின்றுவிட்டார்கள். கோல்கீப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஃப்ரீ கிக்குக்குக் காத்து நின்றார். டிரைவர்களோ காது பழகிய ஜென்மங்கள். இரண்டு விசில் கேட்டதும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. ஓடினார்கள், அடித்தார்கள், பந்து வலைக்குள் போயிற்று. மைதானமே விசில்காரரின் முகத்தைப் பார்த்தது. அவர் கோல் என்று கையைக் காட்டினார். "கையில படவே இல்லை. ஆட்டத்தைத் தொடரத்தான் ஊதினேன்" என்றார். அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியாக ஏழாவது கட்டிலும் எட்டாவது கட்டிலும் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டிரண்டு ஊசியோடு எழுந்து ஓடவும் முடியாமல் சண்டை போட்டார்கள்.

"பஸ்ஸை வாங்கினது நான், டீசல் போடறது நான், நூறு பேரை ஏத்திட்டுப் போறது நான். டிக்கெட்டும் நான்தான் எடுக்கணுமா?" என்பார் முதலாளி.

"ரோடு யாரு போட்டதுய்யா? உங்க மாமனாரா?"

"நீ ரோட்டைப் பேசாதே. முதல்ல கோலைப் பேசு."

"கோல்ல என்ன பேச்சு? நடுவர் கொடுத்தாச்சு."

"அதான், ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கறதுன்னா உனக்கு ஏன் எரியுதுன்னு எனக்குத் தெரியாதா?"

விசில்காரர் டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவருக்குப் பதில் வராது.

சிஸ்டர் ஒன்றைக் கவனித்தாள். இயந்திரம் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்க இழுக்க விசில்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். அவருடைய பெரிய தொல்லையே அதுதான். ஆனால் முதலாளி வாயைத் திறந்தால் இறங்கியது மெல்ல ஏறியது. அதன்பிறகு, இயந்திரத்தில் சலைனைத் திறந்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, "பணக்காரங்களுக்கு வரியைக் குறைக்கப் போறாங்களாமே ஐயா" என்று ஒரு வார்த்தையும் போட்டுவைப்பாள். "சலைன்தான் வேலை செய்யுது சிஸ்டர்" என்று டாக்டர் சிரிப்பார். "இருக்கலாம் டாக்டர்" என்பாள் அவள்.

ஆனாலும் விசில்காரர் முடிவை மாற்றவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம் நாட்காட்டியைத்தான் காட்டினார். வெள்ளிக்கிழமை மாதக் கடைசி.

அதற்கு முந்தைய புதன்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில், விசில்காரர் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். நெற்றி வேர்த்தது. சிஸ்டர் ஓடி வந்து கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். எழுபதுக்கு வந்திருந்தது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள், காலைத் தூக்கிவைத்தாள், தண்ணீர் இழுப்பதை நிறுத்தினாள், சலைனைத் திறந்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. கை இத்தனையும் செய்ய, வாய் தன் பங்குக்குக் கத்தியது: "ஐயா! வரியே வேண்டாமாம் ஐயா, பேப்பர்ல போட்டிருக்கு!"

பதில் இல்லை.

"யோவ் விசில்!" என்று முதலாளி எட்டாவது கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "அது கோல் இல்லை! நீ ஏமாத்தினே!"

அதற்கும் பதில் இல்லை. முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து வர முடியாது, கையில் குழாய். படுத்தபடியே கத்தினார். "சரிய்யா. கோல்தான். கேக்குதா? கோல்தான், ஒத்துக்கறேன். வரியும் கட்டணும். இன்னும் ஜாஸ்தியாவே கட்டணும். நீ சொன்னதெல்லாம் சரி. கண்ணைத் திறய்யா."

விசில்காரர் அப்போது எங்கோ ஆழத்தில் இருந்தார். குரல்கள் கேட்டன, ஆனால் யாருக்கோ என்பதுபோல் இருந்தது. இதமாகக்கூட இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை யோசித்தோம் என்று தோன்றியது. அப்போதுதான் 'கோல்தான்' என்ற சொல் காதில் விழுந்தது. தலையே போனாலும் ஒத்துக்கொள்ளாத ஆள் ஒத்துக்கொள்கிறான் என்றால், நம் கதை முடிந்தது என்று அர்த்தம். நிறுத்திவிடலாம் என்று மாதம் முழுக்க நிதானமாகப் பேசிய மனிதருக்கு அந்த நொடியில் பயம் வந்தது. மகள் முகம் வந்தது. பயத்துக்கும் மேலே வெட்கம் வந்தது. வாழ்நாள் முழுக்க நியாயம் பேசிவிட்டு, இவன் கொடுக்கும் பொய்யை வாங்கிக்கொண்டா போவது?

உதடு அசைந்தது. சிஸ்டர் குனிந்தாள்.

"கோல் இல்லை."

"என்னய்யா சொல்றே?" என்றார் முதலாளி.

"கோல் இல்லைய்யா. கையில பட்டுது. நான் பார்த்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ரெண்டு தடவை ஊதினது என் தப்பு. விசில் ஊதத் தெரியாத கண்டக்டர்னு சிரிப்பாங்களேன்னு கொடுத்துட்டேன். வெக்கமா இருந்துச்சு."

பட்டை தொண்ணூறு காட்டியது. கொஞ்ச நேரத்தில் நூற்றுப் பத்து. டாக்டர் வந்து பார்த்து, சலைனைப் பாராட்டிவிட்டுப் போனார். முதலாளி ஊசியில்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முப்பத்தோரு வருஷம்யா. எனக்குப் பைத்தியம்னு என் பொண்டாட்டியே சொல்லிட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இருவரும் சற்றுக் கூச்சத்தோடு படுத்திருந்தார்கள். முதலில் விசில்காரர்தான் பேசினார்.

"மன்னிச்சுக்கோய்யா."

"விடு. அன்னைக்கு நின்னுட்டிருந்தேன்னு ஆளாளுக்கு 'சிலை, சிலை'ன்னாங்க. கேலி தாங்காமதான் வேலையை விட்டேன். அப்புறம்தான் முதல் லாரி வாங்கினேன்."

விசில்காரர் தலையைத் திருப்பினார். "அப்போ நீ பணக்காரன் ஆனதே என்னாலதான்."

"அது…"

"அதுக்காவது ஒழுங்கா வரி கட்டு. புதன்கிழமை ஒத்துக்கிட்டியே?"

"அதெல்லாம் சேராது. ஆளு போறானேன்னு சொன்னது."

"சிஸ்டர் சாட்சி!"

"சிஸ்டரையும் டிவி மாதிரி திருப்பிப் போட்டுப் பார்க்கப் போறியா?"

அன்று நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. ரத்த அழுத்தம் ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபோது விசில்காரர் பக்கத்துக் கட்டிலைப் பார்க்காமலே சொன்னார்: "நீ இந்தக் கட்டிலுக்கு வந்தியே, அது நான் செஞ்ச புண்ணியம்." முதலாளி பார்க்காமலே கேட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மகள் வந்தாள். இரவெல்லாம் தூங்காத கண்கள். அப்பாவின் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் துடைத்த இயந்திரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இன்னைக்கு மாசக் கடைசி."

"தெரியும்மா."

"திங்கட்கிழமை…"

"கோல் விஷயத்துல அவன் ஜெயிச்சுட்டான். வரி விஷயத்துல சொன்ன சொல்லை மாத்தறான். இதைப் பாதியில விட்டுட்டு எங்கம்மா போறது?" என்றார் விசில்காரர். "திங்கட்கிழமை ஆறரைக்கே கிளம்பிடணும். உனக்குத்தான் சிரமம்."

மகள் செருப்பை மாட்டிவிடக் குனிந்தாள். இடது செருப்பை வலது காலில் மாட்டினாள். அவர் அதைச் சொல்லவில்லை. அவள் தலையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.