நிமிரச் சொன்ன வாய்

முதுகைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே பிரம்படியோடு சேர்த்துப் படித்து முடித்துவிட்டேன்.

மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்களை, தமிழரை அடித்த எழுபத்தேழுக் கலவரம் வடக்கே வன்னிக்குத் துரத்தியது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் கூலிக்குப் போனது எங்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சி மாஸ்டரின் மிளகாய்த் தோட்டத்துக்கு. விடியவும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் குனிந்து புல் பிடுங்குவேன். பதினான்கு வயதிலேயே எனக்கு முதுகு வளைந்துவிட்டது.

மாஸ்டருக்கு அது பொறுக்காது. "எடியே, நிமிர்ந்து நில்! தேயிலைக் கூடை இன்னும் முதுகில கிடக்கோ?" என்று பிரம்பால் ஒன்று போடுவார். வகுப்பே சிரிக்கும்.

மனுஷன் விஷயம் தெரிந்தவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். கரும்பலகையில் ஓர் உடம்பைக் கீறி விளக்கினார். "முள்ளந்தண்டு தானா நிக்காது. முன்னால வயித்துத் தசை, பின்னால முதுகுத் தசை, ரெண்டும் இழுத்துப் பிடிக்க வேணும். பலம் இல்லாதவை கூனுவினம்."

பிறகு சோதித்துப் பார்த்தார். வாங்குப் பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்புக்கு மேலே உடம்பு வெளியே நிற்கும், கால்களை இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். தலை தாழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். நேராக நடக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொருத்தியாகத் தொங்கிப்போனார்கள். நான் தொங்கவில்லை. கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

அவருடைய புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி இறுகிய முதுகு அது. அவருக்கும் அது தெரியும். "பலம் இருக்கு. அப்ப இது திமிர்," என்றார்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக் காட்சி இருந்தது. நான் உயரம். நிமிர்ந்தால் முன்வரிசை தருவதாகச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முன்வரிசைக்கு ஆசைப்பட்டதுபோல் நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மா பார்க்க, அங்கே நிற்க வேண்டும். நடக்கும்போது நிமிர்ந்தேன், தண்ணீர் அள்ளும்போது நிமிர்ந்தேன், குதியும் தோளும் தலையும் சுவரில் படும்படி நின்று பழகினேன்.

"பாத்தியளே, இப்பதான் மனுசர் மாதிரி நிக்கிறாள்," என்று மாஸ்டர் என்னை முன்வரிசையில் விட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மிதப்பில் அன்று பின்னேரம் மிளகாய்த் தோட்டத்திலும் நிமிர்ந்தேன். ஒவ்வொரு பாத்தி முடிவிலும் இடுப்பில் கைவைத்து முதுகை நேராக்கினேன். வரம்பில் நின்ற மாஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"உவள் என்ன மகாராணியோ? இப்பிடி நிமிர்ந்து நிமிர்ந்து நிண்டால் புல்லு எப்ப முடியிறது? ஏலாதெண்டால் சொல்லு, வேலைக்கு வேற ஆக்கள் இருக்கினம்."

"ஐயா, சின்னப் புள்ளைங்க. இனிமே நிமிர மாட்டா," என்று அம்மா ஓடிவந்து என் பிடரியில் கையை வைத்து அழுத்தினாள். "குனி புள்ள. அடுப்பு எரியணும்ல."

குனிந்தேன். அதன் பிறகு போட்டி வரைக்கும், தோட்டத்தில் அவர் முகத்தைக் கண்டாலே என் கழுத்து தானாகத் தாழ்ந்தது.

போட்டியன்று விசில் ஊதினார். முன்வரிசை நிமிர்ந்தது. எனக்கு எதிரே நின்றவர் மாஸ்டரா, காணிக்காரரா? என் முதுகுக்கு அது தெரியவில்லை, வளைந்துவிட்டது. அவர் வந்து என் தோளைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்துவிட்டார். பக்கத்தில், வேலியோரமாக, கல்விக் கந்தோரிலிருந்து வந்த பெரிய அதிகாரி கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு சொல்லிக் குடுத்தும், சேர், இதுகளுக்கு நிமிர வராது," என்று மாஸ்டர் அவரிடம் சிரித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டது. காணிக்காரர் சொன்னதாயிற்றே. ஆமாம் என்று தலையாட்டினாள்.