பிசுக்கு

தோட்டாவை ஈரத்துணியில் பொதிந்து கட்டைவிரலால் மூன்று சுற்றுச் சுற்றுகிறார் வெர்னா. பிறகு அதைக் கன்னத்தில் உருட்டிப் பார்க்கிறார். லேசாக ஒட்டுகிறது. மறுபடியும் துணிக்குள் போகிறது. சமையலறையில் காப்பி மணத்தை மீறி ஸ்பிரிட் வாடை.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் சரளைச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து விரல்கள் காய்த்துவிட்டன. "வெரலு பொய் சொல்லும். கன்னம் சொல்லாது" என்பார்.

கடையில் தோட்டா வாங்குவதில்லை. சுட்ட பித்தளைக் கூட்டையே மறுபடி அச்சில் அழுத்தி, வெடிமருந்தும் குண்டும் தானே வைப்பார். கூடு அச்சில் சிக்காமலிருக்கக் ஆட்டு ரோமக் கொழுப்பைத் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பிசுக்கு போயாக வேண்டும். வெடிக்கும் நொடியில் கூடு உப்பி, துப்பாக்கியின் அறைச்சுவரைக் கவ்விப் பிடிக்கிறது. பிசுக்கிருந்தால் வழுக்கிப் பின்னால் இடிக்கும், குறி விலகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அவ்வளவு செய்யுமா? செய்யும் என்று வெர்னா நம்புகிறார். நிரூபிக்கத்தான் முடியவில்லை. மூன்று வருடமாக மாவட்டத் துப்பாக்கி சுடும் அணியின் ஒற்றை இடத்தை இரண்டு மூன்று புள்ளிகளில் கோட்டைவிட்டிருக்கிறார். மூன்று முறையும் அதைத் தட்டிச்சென்றவன் கணவரின் தம்பி டுவெய்ன். அவன் நொறுக்கிய சோளச்சக்கை நிரப்பிய டிரம்மில் தோட்டாக்களைக் கொட்டி, அதுவே துடைக்கட்டும் என்று சுழலவிட்டு, பேஸ்பால் பார்க்கப் போய்விடுகிறவன்.

"தோட்டாவா அண்ணி அது, கைக்கொழந்தையா? ஒரு தாலாட்டும் பாடிடுங்க."

"மொதல்ல உன் தொப்பிய தொவைடா. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

வெர்னாவுக்கு ஒரு கணக்கு உண்டு. துடைத்த தோட்டா பெட்டிக்குள் மூக்கு கீழே நிற்கும். துடைக்காதது மூக்கு மேலே. இந்த மே மாதம், போட்டிக்கு முந்தின மாலை பாதித் துடைப்பில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது, பேருந்து பழுதென்று. மிச்சத்தைத் திடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்.

காலையில் திடலில் பெட்டியைத் திறந்தார். இருபத்தாறும் மூக்கு கீழே.

"யாரு தொட்டது இத?"

"வண்டியில ஏத்துறப்ப நான்தான் அண்ணி. தல ஒரு பக்கம் காலு ஒரு பக்கமா கெடந்துச்சு. அழகா அடுக்கிட்டேன்." டுவெய்ன் பெருமையாகச் சிரித்தான். அவனிடம் வஞ்சம் இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை.

எது துடைத்தது, எது துடைக்காதது? பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வெயிலில் வியர்த்த கன்னத்தில் எல்லாமே ஒட்டின. குறி பழகிக்கொள்ளப் பத்து நிமிடம் உண்டு. புள்ளிக்கான இருபதுக்கு முன், புள்ளியில் சேராத ஆறு சோதனைக் குண்டுகள். மற்றவர்கள் பாயில் குப்புறப் படுத்துச் சுடத் தொடங்கினார்கள். வெர்னா டிரக்கின் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து ஸ்பிரிட் புட்டியைத் திறந்தார்.

"வெர்னா, சோதனை வேணாமா?" நடுவர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"வேணாம்."

"அண்ணிக்குத் துணி தொவைக்கிற நாளு!" டுவெய்ன் கத்த, வரிசை முழுக்கச் சிரிப்பு.

கைகளுக்குக் கண் தேவைப்படவில்லை. எனவே கண்கள் காற்றைக் காட்டத் திடலில் நட்டிருந்த கொடிகளுக்குப் போயின. இருநூறு கஜத்தில் நிற்கும் கொடி எப்போதும் கடைசிக் கொடிக்கு முன்பே தளர்கிறது. தளர்ந்தால் ஏழு எண்ணுவதற்குள் காற்று திரும்பிவிடுகிறது. இத்தனை வருடமும் சோதனைக் குண்டு சுடும் அவசரத்தில் இதை அவர் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பத்தாவது நிமிடத்தில் இருபது தோட்டாக்கள் சுத்தமாகியிருந்தன. ஆறு மிச்சம். அவற்றைத் துணியோடு சுருட்டி வைத்துவிட்டுப் பாயில் படுத்தார்.

முதல் குண்டுக்குக் கொடி தளரும்வரை காத்திருந்தார். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார். துப்பாக்கியின் தாழ்ப்பாள் ஒருமுறைகூட இறுகவில்லை. வெற்றுக் கூடுகள் வெண்ணெயில் கத்தி போல வெளியே வந்து விழுந்தன. எழும்போது முழங்கை இரண்டும் சிவந்திருந்தன.

முந்நூறு கஜத்திலிருந்து இலக்கு அட்டைகள் வந்தன. டுவெய்ன் தன் அட்டையைப் பார்க்கவில்லை. அண்ணியின் அட்டை மேல் குனிந்து, ஒன்று, இரண்டு என்று விரல் வைத்துக்கொண்டே போனான். பத்தோடு விரல் நின்றது.

"இது எப்படி அண்ணி?"

 வெர்னா அவன் விரலை மெல்ல விலக்கிவிட்டு, தன் உள்ளங்கையை அட்டையின் நடுவில் வைத்தார். இருபது ஓட்டைகளும் அதன் கீழே மறைந்தன.