மடி உதறும் வாசல்

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒருவர் சம்பளம் தருகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் வாசல் வேலை. காலை ஒன்பது மணிக்குப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வேண்டும். மாலை ஐந்தரைக்கு, உள்ளே காய் பொறுக்கும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது எழுந்து நிற்க வேண்டும். நடுவில் லோடு வந்தால் கதவைத் திறக்கலாம். அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான்.

வேலையை வாங்கிக் கொடுத்தது என் தங்கை. அவள் பதினோரு வருடமாக அங்கே காய் புடைக்கிற சொளகை மடியில் வைத்துக்கொண்டு கறுத்த காயையும் வெடித்த காயையும் பொறுக்கிப் போடுகிறாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் ஓட்டல், கர்நாடகத்தில் போர்வெல் லாரி என்று போய், எதிலும் நிலைக்காமல் நாற்பத்துநாலு வயதில் ஒரு பையோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் புருஷன் கேரளாவில் கடையில் நிற்கிறார், மாதம் ஒருமுறை வருவார். எனக்குப் போக வேறு வீடு கிடையாது. அது அவளுக்கும் தெரியும். வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில் சொன்னாள்.

"அண்ணே, பாய்கிட்ட ஒனக்காக நான் வாக்குக் குடுத்திருக்கேன். இதையும் விட்டுட்டு ஓடுனேன்னா அப்பறம் ஏம் மூஞ்சில முழிக்காத."

பாய் என்றது குடோன் முதலாளியை. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகும் ஒவ்வொரு பெண்ணும் படிக்கு இந்தப் பக்கம் நின்று, சேலை மடியைப் பிரித்து இரண்டு தரம் உதற வேண்டும். பிறகு தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தவறி ஒரு காய் விழுந்தால் அதை எடுத்து வாசல் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதைக் கேவலமாக யாரும் நினைத்ததில்லை. "நல்லாப் பாருங்கண்ணே, உள்ள ஒரு மூட்டை வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். நாற்பது பேர். பத்து நிமிடம். என் ஒரு நாள் வேலை அவ்வளவுதான்.

முதல் நாள் தங்கை வந்தபோது, போ என்று கையைக் காட்டிவிட்டேன். மறுநாள் காலையில் பாய் ஸ்டூல் அருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சியையும் பாருங்க தம்பி. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தானா? இத்தனை வருடம் வாசலில் இருந்தவரை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகச் சுற்றிய என்னை எதற்கு உட்கார வைத்தார்? அண்ணனை வாசலில் வைத்துத் தங்கையைச் சோதிக்கிறாரா? அல்லது என்னைத்தான் சோதிக்கிறாரா? செய்ய வேலையில்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி யோசிப்பதுதான் வேலை. போர்வெல் லாரியில் இருந்தபோது ஒரு நாளும் நான் யாரையும் இவ்வளவு யோசித்ததில்லை.

மூன்றாவது வாரம், ஒரு மாலையில் தங்கை கொடுத்த டீயில் ஏலக்காய் மணம் வந்தது.

அன்று குடித்துவிட்டேன். மறுநாளும் மணம் வந்தது. அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் அடுப்படியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சீனி, தூள், கடுகு, மிளகாய். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் சந்தேகம் குறையவில்லை. வேறு எங்கோ வைத்திருக்கிறாள் என்று ஆயிற்று.

"டீல ஏலக்காய் போட்டியா?"

"அதுக்கெல்லாம் நான் எங்க போறது?"

"வாசம் வருதே."

சீனி டப்பாவின் மூடி சரியாக உட்காராமல் இருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டியாண்ணே? அரிசிப் பானைக்குள்ள கைய விட்டியா?"

அடுத்த நாள் மாலை, காய்கறி வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவள் வீட்டு வாசலிலேயே நின்றாள். மடியைப் பிரித்து இரண்டு தரம் உதறினாள். தூக்குச்சட்டியைக் கவிழ்த்தாள். "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. குழாயடியில் நின்ற எதிர்வீட்டுக்காரி என்ன என்று கேட்டதற்கு, "எங்கண்ணே வாட்ச்மேன்ல" என்றாள். குழாயடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் பரோட்டாக் கடையில் ஜீப்புக்காரர் ஒருவர், லாரி ஓட்டியவன்தானே, என் ஜீப்பை ஓட்ட வருகிறாயா என்று கேட்டார். அவருக்கு மூன்று ஜீப். ராசிங்காபுரத்தில் விடியற்காலையில் ஆள் ஏற்றி, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் ஏழரைக்கு இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். வாசல் வேலையைவிடக் கூடுதல் சம்பளம்.

"முன்னாடி ஓட்டுனவரு?"

"எறங்கிட்டான்."

"எதுக்கு?"

"பயந்தாங்கொள்ளி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சால்னாவைப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைக் காட்டச் சொன்னேன். பிரேக்கை மிதித்தேன், தரைவரை போயிற்று. இரண்டாவது தரம் மிதித்ததும் பிடித்தது. முந்தினவன் ஏன் இறங்கினான் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு மிதி மிதிச்சா நல்லாப் புடிக்கும்ப்பா."

"ஒரே மிதில புடிக்கலேன்னா ஆள் ஏத்த மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார். வெள்ளிக்கிழமை குடோன் லீவு. அன்று ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. தங்கையிடம் சொல்லவில்லை.

ராசிங்காபுரத்தில் பதினான்கு பெண்கள் ஏறினார்கள். முன் சீட்டு எப்போதும் மூத்தவளுக்கு. காலையில் அவளுக்கு ஒரு சோலி உண்டு. மலை ஏறத் தொடங்கினால் வளைவுக்கு ஒரு கேள்வி டிரைவரைக் கேட்பாள். டிரைவர் பதில் சொல்ல வேண்டும். பதில் தாமதமானால் தூக்கக் கலக்கம் என்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவாள். வளைவு பதினேழு.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"யாரும் குடுக்கல."

"குடுத்திருந்தாப் பாவம் அந்தப் புள்ள. குடிப்பியா?"

"எப்பயாச்சும்."

"நேத்து?"

"இல்ல."

"வாய ஊது."

ஊதினேன். பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டைப் பார்க்கவே இல்லை.

பதினொன்றாவது வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது. நான்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பிரேக் ஒரே மிதியில் பிடித்தது. பஸ் போன பிறகு அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"கூடப் பொறந்தவக எங்க வேல பாக்குறாக?"

"ஏலக்காய் குடோன்ல."

அந்தக் குளிரிலும் என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். கண்ணாடி கிளாசை முகத்தருகே கொண்டுபோனதும் அதே மணம்.

"இதுல ஏலக்காய் போட்டிருக்கா?"

டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காய் விக்கிற வெலையில டீல போடுவாங்களா சேட்டா? கைய மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன் சீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்தாள்.

"குடோன் வேலைக்குப் போறியோ? சூடு பட்டா இப்பிடித்தான் கெளம்பும். லேசுல போகாது."

மூன்று வாரம் வாசலில் உட்கார்ந்து, மூட்டைக்குக் கதவு திறந்த கை இது. பதினோரு வருடம் காய்க்குள்ளேயே இருந்த கை அவளுடையது. அரிசிப் பானை ஒன்றைத்தான் நான் திறக்காமல் விட்டிருந்தேன்.

சனிக்கிழமை பாயிடம் சொன்னேன்.

"உக்காந்து சாப்புடுற வேலைய விட்டுட்டா போறீங்க?"

"ஜீப்பும் உக்காந்துதான் ஓட்டணும் பாய்."

அவர் சிரித்தார். பிறகு, "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று அப்போதும் யோசித்தேன்.

ஜீப்பை நான் எடுத்தது துணிச்சலால் அல்ல. குடோனில் நான் நாற்பது பேர் மடியைப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு வீட்டுக்கு வந்தேன். ஜீப்பில் பதினான்கு பேர் என் காலையும் கண்ணையும் வாயையும் பார்க்கிறார்கள். போன ஊரிலெல்லாம் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். அது எனக்குப் பழக்கம்.

அன்று மாலை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கை மணத்தையும் சேர்த்து. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதையும் விட்டுட்ட."

"ஆமா."

"மூஞ்சில முழிக்காதன்னு சொல்லியிருந்தேன்."

நான் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தேன். என் இரண்டு சட்டையும் கைலியும் அவள் துவைத்து மடித்தவை.

"வண்டி எங்க நிக்குது?"

தெருமுனையில் நின்றது. ஈரக் கையோடு எனக்கு முன்னால் நடந்தாள்.

"ஏறு. பிரேக்க மிதி."

கியரை நியூட்ரலுக்குத் தட்டி, கை பிரேக்கையும் எடுத்துவிட்டு மிதித்தேன். அவள் பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினாள். வண்டி அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"பைய உள்ள வச்சிட்டு வா, சோறு ஆறுது" என்றாள்.

இப்போதும் சாயங்காலம் நான்தான் முதலில் வீட்டுக்கு வருகிறேன். அவள் வரும் நேரம் பார்த்து, ஜீப்பைத் துடைக்கிற மாதிரி தெருப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் சேலை இரண்டு தரம் உதறுகிற சத்தம் கேட்கிறது. அதன் பிறகுதான் கதவு திறக்கிறது.